எட்டுத் தலையணைக் கடைக்கு மூன்றாவது லாரி

மதிப்பும் மரியாதையும் மிகுந்த சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவியும் ஆயிரத்து இருநூற்று நாற்பது தலையணைகளும் நலம். அங்கு தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், என் மகளும், தங்கள் பட்டறையில் புதிதாக வந்திருக்கும் இரண்டாவது இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பதினான்கு தடவை முயன்றேன். தாங்கள் போனை எடுத்து, "என்ன சம்பந்தி, சௌக்கியமா?" என்று கேட்டதும் என் வாய் தானாக, "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கோம்" என்கிறது. "சரக்கெல்லாம் ஒழுங்கா வந்துச்சா?" என்கிறீர்கள். "வந்துச்சுங்க, ரொம்ப சந்தோஷம்" என்கிறேன். பெண்ணைக் கொடுத்தவன் நாக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. போனை வைத்த பிறகு தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறேன். அதுவும் வலிப்பதில்லை, சுவருக்கு முன்னால் தலையணை இருக்கிறது. ஆகவேதான் கடிதம். எழுத்தில் கொஞ்சம் சூடு தெரிந்தால் தாங்கள் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை தங்கள் பட்டறையிலிருந்து மூன்றாவது லாரி கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். அதில் அறுநூறு தலையணைகள். ஞாயிற்றுக்கிழமை என் மகள் பிரசவத்துக்காக இங்கே வருகிறாள். கடைக்கு மேலே உள்ள எங்கள் வீட்டில் மூன்று அறைகள். இரண்டில் ஏற்கனவே தலையணை. மூன்றாவது அறை அவளுடையது. அதிலும் தலையணைதான் இருந்தது. நானும் என் மனைவியும் நான்கு நாள் பாடுபட்டு, இருந்ததையெல்லாம் மாடிப்படியிலும் பரணிலும் எங்கள் கட்டிலுக்கு அடியிலும் மேலேயும் திணித்து, இன்று காலைதான் அந்த அறையைக் காலி செய்து தரையைத் துடைத்தோம். இப்போது எங்கள் வீட்டில் காலியாக இருப்பது அந்த ஓர் அறைதான். லாரி வந்தால் சரக்கு அங்கேதான் போகும். ஒன்பது மாதத்துப் பிள்ளைத்தாய்ச்சியை நான் எங்கே படுக்க வைப்பேன்? அந்த லாரி வரக் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், அந்த லாரி வரவே கூடாது.

"நீங்கதானே சம்பந்தி கேட்டீங்க?" என்று தாங்கள் திருப்பிக் கேட்பீர்கள். நியாயம். நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்பதைத் தாங்கள் ஒருமுறை பொறுமையாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதில் குற்றவாளி யார் என்று நானும் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பதினோரு வருடமாக என் கடையில் வாரத்துக்கு எட்டுத் தலையணை விற்கும். சில வாரம் ஏழு, சில வாரம் ஒன்பது. உலகம் எப்படிப் புரண்டாலும் இந்த ஊரில் வாரத்துக்கு எட்டுப் பேருக்குத்தான் புதுத் தலையணை தேவைப்படும் போலிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு வாரம், எதிர்த்தெருப் பல் மருத்துவர் தன் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நான்கு தலையணை கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார். எட்டு பன்னிரண்டானது. அவ்வளவுதான். இந்த மொத்தக் கூத்துக்கும் காரணம் அந்த நாலே நாலு தலையணை. விருந்தாளிகள் மூன்றாம் நாளே ஊருக்குப் போய்விட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. அவர்கள் போனார்கள், நான் மாட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு விற்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வியாபாரம் சூடு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். என் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பது தாங்கள் அறிந்ததே. தங்கள் பட்டறையிலிருந்து என் மச்சானின் கிடங்குக்கு, அங்கிருந்து எனக்கு. என் மனைவியின் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவன் நல்லவன். ஆனால் அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. எவன் எவ்வளவு கேட்டாலும் பாதியை வெட்டித்தான் அனுப்புவான். "கடைக்காரன் எல்லாம் வாய்க்கு வந்ததைக் கேப்பான், பாதி குடுத்தாப் போதும்" என்பது அவன் கொள்கை. இது எனக்குத் தெரியும். ஆகவே எட்டு வேண்டுமென்றால் பதினாறு என்று எழுதுவேன், எட்டு வரும். நான் இரண்டு மடங்கு எழுதுகிறேன் என்பது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பதினோரு வருடமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு, ஒரு தலையணைகூடக் கூடாமல் குறையாமல் வெகு நாணயமாக வாழ்ந்துவந்தோம்.

அந்த வாரம் இருபத்து நான்கு என்று எழுதினேன். கிடங்கில் இருந்ததே எட்டுதான் என்று எட்டை மட்டும் அனுப்பினான். மீதி தங்கள் பட்டறையிலிருந்து வர மூன்று வாரமாகும் என்றான். சரி, இந்த மூன்று வாரமும் நான் வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாக நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருப்பேன். (இப்போது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.) அலமாரி காலியாகக் காலியாக ஜனங்களுக்கு ஆசை வந்துவிட்டது சம்பந்தி. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் ஒரு தலையணை வாங்க வந்தார். அலமாரியில் இரண்டுதான் இருந்தது. "அப்புறம் கெடைக்குமோ கெடைக்காதோ, ரெண்டையும் குடுங்க" என்றார். அவர் வீட்டில் அவர் ஒருவர்தான். பக்கத்துச் சலூன்காரர் பதினோரு வருடத்தில் என் கடைப் படியேறியதில்லை. அவர் வந்து, "தலையணை கெடைக்காதாமே, எனக்கு ஒரு நாலு எழுதி வைங்க" என்றார். தலையணைக்குப் பஞ்சம் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "உங்க கடையப் பாத்தாலே தெரியுதே" என்றார்.

இப்படிப் பெயர் எழுதிவைத்தவர்கள் மட்டும் நாற்பத்தொரு பேர். அந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து நான் பூரித்துப் போனேன். அதே நாற்பத்தொரு பேரும் அடுத்த தெருக் கடையிலும், பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையிலும் இதே போலப் பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கே முதலில் வருகிறதோ அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு. ஒரு தலை, மூன்று கடை. மூன்று கடைக்காரர்களும் அந்த ஒரு தலைக்காக என் மச்சானுக்கு எழுதினோம். ஊரில் தலைகளின் எண்ணிக்கையே பெருகிவிட்டது என்று அவன் முடிவுகட்டிவிட்டான்.

இரண்டாவது வாரம் ஐம்பது கேட்டேன். வரவில்லை. மூன்றாவது வாரம் நூற்றிருபது கேட்டேன். வரவில்லை. நான்காவது வாரம் கோபத்தில் முந்நூறு. ஐந்தாவது வாரம், எப்படியும் பாதி வெட்டுவான், அதிலும் பாதிதான் வரும் என்று எண்ணூறு. ஆறாவது வாரம் எதற்கும் இருக்கட்டும் என்று அறுநூறு. இதைத் தங்களிடம் ஒளிப்பானேன், என் மனைவி அன்றைக்கே கேட்டாள். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"போன வாரம் கேட்டது எங்க?"

"வந்துட்டிருக்கு."

"அதுக்கு முந்தின வாரம் கேட்டது?"

"அதுவும் வந்துட்டிருக்கு."

"அப்ப இன்னைக்கு எதுக்கு மறுபடியும் கேக்கறீங்க?"

"அதான் இன்னும் வரலையே!"

"வந்துட்டிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கு வியாபாரம் புரியாது" என்றேன். அவள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் ஒண்ணா வந்து நின்னா எங்க வெப்பீங்கன்னு மட்டும் சொல்லுங்க, மத்தது எனக்குப் புரியாமயே போகட்டும்" என்றாள். அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு வீடு முழுக்கப் பதில் இருக்கிறது.

இனி தங்கள் பங்குக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளக் கூடாது. என் மச்சான் கேட்கிற அளவைப் பார்த்துத் தாங்கள் மிரண்டுபோய், 'சரக்குத் தட்டுப்பாடு. கேட்பதில் மூன்றில் ஒரு பங்குதான் தரப்படும்' என்று பட்டறை வாசலில் அட்டை எழுதித் தொங்கவிட்டீர்கள். அதைப் பார்த்த என் மச்சான் என்ன செய்வான்? மூன்று மடங்காகக் கேட்டான். மூன்று மடங்கைப் பார்த்த தாங்கள் என்ன செய்தீர்கள்? நடுச்சுவரை இடித்துவிட்டு இரண்டாவது இயந்திரம் வாங்கிப் போட்டீர்கள். ஆறு பேரைப் புதிதாக வேலைக்கு வைத்தீர்கள். மாப்பிள்ளையைக் காலை ஷிப்டு, மாலை ஷிப்டு இரண்டுக்கும் மேற்பார்வைக்கு நிறுத்தினீர்கள். என் மகளை மாதாந்திரப் பரிசோதனைக்கு அழைத்துப் போகக்கூட அவருக்கு நேரமில்லாமல் போயிற்று. அவள் பக்கத்து வீட்டு அம்மாளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள் என்று கேள்விப்பட்டு என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். "நீங்கதானே எண்ணூறு கேட்டீங்க" என்றாள். அந்தச் சமயத்தில்தான் என் மகள் போன் செய்து, "அப்பா, இவருக்குப் பஞ்சு தவிர வேற நெனப்பே இல்ல. பிரசவத்துக்கு நான் அங்கயே வந்துடறேன்" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைத் தங்களிடம் சொல்வது மரியாதையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், குதித்தேன். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவள் இங்கே மூன்று நாளுக்கு மேல் தங்கியதே இல்லை.

இதற்கிடையில் ஒரு விபரீதம் நடந்தது. இதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. என் மச்சான் திருந்திவிட்டான். வியாபாரிகளுக்கான பயிற்சி வகுப்பு என்று யாரோ ஒரு நாள் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். இவன் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். வாடிக்கையாளரை நம்ப வேண்டும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பதினோரு வருடமாகப் பாதி வெட்டியவன், சரியாக அந்த மாதம் பார்த்து, கேட்டதை முழுசாக அனுப்பிவிட்டான். முதல் லாரியில் நானூற்று எழுபது. அடுத்த வாரம் இரண்டாவது லாரியில் எண்ணூறு. போனைப் போட்டுக் கத்தினேன்.

"என்னடா இது?"

"நீங்க கேட்டதுதான் அத்தான். ஒண்ணு கொறையல, எண்ணிப் பாருங்க."

"பாதியத்தானே அனுப்புவ?"

"அதெல்லாம் பழைய கதை அத்தான். இனிமே உங்கள முழுசா நம்பறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"யாரக் கேட்டுடா நம்பின?"

நம்பியதற்காக ஒருவனைத் திட்டியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனால் தாங்களே சொல்லுங்கள், திருந்துவதற்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திருந்தக் கூடாதா?

லாரிகள் வந்த அழகைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் லாரிக்காரர் மூட்டைகளை இறக்கிக் கடைக்குள் அடுக்கினார். இரண்டாவது லாரிக்காரர் வந்து, "கடை எங்கங்க?" என்று என்னிடமே கேட்டார். அவர் முன்னால்தான் இருந்தது, மூட்டைகள் மறைத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு சரக்கு மாடிக்கு ஏறியது. கூடத்தில், அறைகளில், பீரோவின் மேல், குளியலறை வாசலில், தையல் மெஷினின் மேலும் கீழும். வீட்டில் எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அழைப்பு மணி கேட்பதில்லை. குக்கர் விசில் கேட்பதில்லை. என் மனைவி சமையலறையிலிருந்து திட்டுவது கூடத்துக்கு வந்து சேர்வதில்லை, இருபத்தெட்டு வருடத்தில் இது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த லாபம். மனைவி ஓதுவதைத் தலையணை மந்திரம் என்பார்கள். எங்கள் வீட்டில் மந்திரம் ஒன்றுதான், 'இதையெல்லாம் எடுங்க' என்பது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் மீட்டரைத் தேடிக் கை விட்டார், தோள் வரைக்கும் போயிற்று. "போன மாசம் வந்த அளவையே எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சரி, சரக்குத்தான் வந்துவிட்டதே, பெயர் எழுதிய நாற்பத்தொரு பேருக்கும் போன் செய்தேன். ஒருவர்கூட வரவில்லை. "அடுத்த தெருவுலயே வாங்கிட்டோமே" என்றார்கள். சலூன்காரர் என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் வாடிக்கையாளர் தலைக்குப் பின்னால் மறைந்துகொள்கிறார். கணக்கு டீச்சர் வந்தார், மகிழ்ந்துபோனேன். வாங்கிய இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். லாரி வந்த நாளிலிருந்து இந்த ஐந்து வாரத்தில் நான் விற்றது முப்பது. வாரத்துக்கு ஆறு. மற்றவர்கள் எல்லாம் பஞ்ச காலத்துக்கு என்று ஏற்கனவே வாங்கி வீட்டில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். அந்தப் பல் மருத்துவரைத் தெருவில் பார்த்தேன். "என்ன, தலையணை வியாபாரம் அமோகமா இருக்காமே?" என்றார். அவர் பிடுங்குகிற பல்லையெல்லாம் நினைத்துக்கொண்டு என் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் லாரி வந்த அன்றைக்கே நான் நிறுத்து என்று எழுதிவிட்டேன். ஒன்றுகூட வேண்டாம் என்று எழுதினேன். மற்ற இரண்டு கடைக்காரர்களும் அதையே எழுதினார்கள். என் மச்சானும் தங்களுக்கு அதையே எழுதினான். ஆனால் நிறுத்து என்று சொன்னதும் நிற்பதற்கு அது என்ன மின்விசிறியா? கேட்டது வந்து சேர ஆறேழு வாரம் ஆயிற்று, வேண்டாம் என்று சொன்னது பலிக்கவும் அதே அளவு ஆகும் போலிருக்கிறது. போன வாரம்தான் தங்கள் இரண்டு இயந்திரங்களும் நின்றன என்று கேள்விப்பட்டேன். புதிதாக வந்த ஆறு பேரையும் தாங்கள் வீட்டுக்கு அனுப்பியதாகவும் கேள்வி. அவர்களை நினைத்தால் எனக்குத் தூக்கமே வருவதில்லை. இத்தனை தலையணை இருந்து என்ன பிரயோசனம்? யாரோ ஒருவர் விருந்தாளிக்காக நாலு தலையணை வாங்கினார், அதற்காக எங்கோ ஆறு பேருக்கு வேலை கிடைத்து, அந்த ஆறு பேருக்கும் வேலை போயிற்று. இதில் எவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ளவன் ஒருவன் இருந்திருந்தால் அவனையாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

இது எப்படி நடந்தது என்பது எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது. அன்று மத்தியானம் கடையில் பயங்கரத் தலைவலி. மாத்திரை ஒன்று போட்டேன். பத்து நிமிடம் பார்த்தேன், கேட்கவில்லை. இன்னொன்று போட்டேன். பத்து நிமிடம் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாவதையும் போட்டேன். அரை மணி கழித்து மூன்றும் சேர்ந்துகொண்டு வேலையைக் காட்டின. கல்லாவிலேயே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது என் மனைவி மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எத்தன போட்டீங்க?"

"மூணு. முதல் மாத்திரை வேலை செய்யல."

"அது வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும். அது உள்ள போயிட்டுத்தானே இருந்துச்சு? அதுக்குள்ள என்ன அவசரம்? தலையணைக்குப் பண்ணினதையேதான் மாத்திரைக்கும் பண்ணியிருக்கீங்க."

எனக்கு வியாபாரம் புரிந்தது அப்போதுதான். வந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அது வரவில்லை என்று ஆகிவிடாது. பதினோரு வருடம் வியாபாரம் செய்தவனுக்கு இதைச் சொல்ல ஒரு தலைவலி மாத்திரை வேண்டியிருந்தது.

ஆகவே, சம்பந்தி அவர்களே, மூன்று விஷயங்களைத் தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்றாவது லாரியை நிறுத்துங்கள். அறுநூறையும் தங்கள் பட்டறையிலேயே வையுங்கள், சுவர் இடித்த இடத்தில் வைக்கலாமே. இரண்டாவது, அந்த ஆறு பேரில் ஓரிருவரையாவது திரும்பக் கூப்பிட முடியுமா என்று பாருங்கள். மூன்றாவது, இன்றிலிருந்து நான் மச்சானுக்கு எழுதுவதை விட்டுவிட்டு, வாராவாரம் என் கடையில் உண்மையாக எத்தனை தலையணை விற்றது என்று தங்களுக்கே நேராக எழுதிவிடுகிறேன். விற்றது எட்டு என்றால் எட்டு. ஏழு என்றால் ஏழு. மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு காகிதத்தில் ஒன்றை எழுதுவது இனி என் பரம்பரையிலேயே கிடையாது. மற்ற இரண்டு கடைக்காரர்களையும் அப்படியே எழுதச் சொல்கிறேன். தாங்களும் அதைப் பார்த்து, அந்த அளவுக்கு மட்டும் இயந்திரத்தை ஓட்டுங்கள். தங்கள் பேரக்குழந்தை மேல் ஆணையாக, இனி என் கையிலிருந்து ஒரு பொய்யான எண் தங்களுக்கு வராது.

சம்பந்தியம்மாளுக்கு என் மனைவியின் அன்பான விசாரிப்புகள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், இயந்திரம் நின்ற இந்த வேளையில் அவர் நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மகளைப் பத்திரமாக அனுப்பிவைக்கவும், வழியில் குலுக்காத வண்டியாகப் பார்த்து. தங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று, தேவையான அளவுக்கு மட்டும் சரக்கும் பெற்று வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். கடிதத்தை உறையில் போடும்போது மகள் போன் செய்தாள். "அப்பா, பட்டறைல வேலையே இல்ல. ஒரு வாரமா இவர் வீட்டுலயேதான் இருக்காரு. சமையல்கூட இவருதான். டாக்டர்கிட்டயும் இவரே கூட்டிட்டுப் போனாரு. நான் எதுக்கு அங்க வந்து உங்களையும் கஷ்டப்படுத்திக்கிட்டு? இங்கயே பிரசவம் பாத்துக்கறேன். அம்மாவ மட்டும் அனுப்பி வைங்க" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும், "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிவிட்டேன், அந்த நாக்குதான் தங்களுக்குத் தெரியுமே. என் மனைவி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் மகளின் அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். ஜன்னலைக் கழுவியிருக்கிறோம். கட்டிலில் புது விரிப்பு. என்னால் தாங்க முடியவில்லை சம்பந்தி. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளவும். மூன்றாவது லாரி தாராளமாக வரட்டும், மாடிப்படியில் இன்னும் இடம் இருக்கிறது. அது போக, எனக்கு உடனடியாக இரண்டாயிரம் தலையணை வேண்டும். இங்கே கிராக்கி தாங்க முடியவில்லை. ஆறு பேரையும் இன்றே திரும்பக் கூப்பிடுங்கள், இரண்டு இயந்திரங்களும் நாளை காலையே ஓட வேண்டும். இரண்டு ஷிப்டிலும் மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால்தான் சரக்கு எடுத்துக்கொள்வேன், இல்லாவிட்டால் ஒன்றுகூட வேண்டாம். சரக்கு வந்து சேர எத்தனை வாரம் ஆனாலும் எனக்குக் கவலையில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட்டால் போதும்.